கறவை இயந்திரம்: யாழ்ப்பாணத்துச் சிறு பண்ணையிலிருந்து ஒரு மதிப்பீடு

வலிகாமத்தில் ஐந்தாறு கறவைகளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் என்னைச் சந்திக்கும்போது கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். வாளியுடன் வரும் கறவை இயந்திரத்தை வாங்கினால் கட்டுபடியாகுமா என்பது முதலாவது. அது மடியைக் கெடுத்துவிடாதா என்பது மற்றையது. முதற் கேள்விக்குக் கொட்டிலில் நிற்கும் மாடுகளின் எண்ணிக்கையை வைத்தே விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல இயலாது, ஏனெனில் ஒரே வகை இயந்திரம் ஒரு வீட்டில் மடியைக் காப்பாற்றியதையும் அடுத்த வீட்டில் மடியைக் கெடுத்ததையும் நான் பார்த்திருக்கின்றேன். வேறுபாடு இயந்திரத்தைச் சுற்றி நடந்த வேலைகளிலேயே இருந்தது. ஆகவே, கருவி வந்த பின்னர் கொட்டிலின் ஒழுங்கு எவ்வாறு மாற வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியே இங்கு கூடுதலாக எழுதியிருக்கின்றேன்.

நான் பாவிப்பது, யாழ்ப்பாண நகரில் விவசாய உபகரணங்கள் விற்கும் முகவர் ஒருவரிடம் வாங்கிய, சில்லுப் பூட்டிய தள்ளுவண்டி வகை இயந்திரம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒரு குதிரைவலு மோட்டர், எண்ணெய் விட்டு ஓடும் வெற்றிடப் பம்பி, 25 லீற்றர் எவர்சில்வர் வாளி, வாளி மூடியில் பூட்டிய பல்சேற்றர், நான்கு காம்புக் கிண்ணங்கள் கொண்ட ஒரு கிளஸ்ரர், வெற்றிட மானி, அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு ஆகியவையே அதன் உறுப்புகள். விலை ஒரு நல்ல கலப்பினக் கறவைப் பசுவின் விலையை ஒட்டி வரும். எங்கள் கொட்டிலில் நிற்பவை ஜேர்சி, பிரீசியன் கலப்பினங்களும், சாகிவால் இரத்தம் கலந்த இரண்டொரு மாடுகளும் ஆகும். அம்பேவலை போன்ற மலையகப் பெரும் பண்ணைகளுக்கு இயந்திரக் கறவை புதிதன்று. கட்டி வைத்துத் தீனி போட்டு வளர்க்கும் எங்கள் சிறு கொட்டில்களுக்குத்தான் இது புதிது.

இயந்திரம் பாலை உறிஞ்சி எடுக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் வேலையில் பாதி, உறிஞ்சாமல் விடுவதில் இருக்கிறது. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் லைனர் எனப்படும் மென்மையான றப்பர்க் குழாய் ஒன்று உண்டு. அதற்கும் வெளியேயுள்ள உலோகக் கூட்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. பல்சேற்றர் அந்த இடைவெளிக்குள் வெற்றிடத்தையும் காற்றையும் மாறி மாறி அனுப்புகிறது. வெற்றிடம் வரும்போது லைனர் விரிந்து பால் பாய்கிறது. காற்று வரும்போது லைனர் மடிந்து காம்பை மெல்ல அமுக்க, காம்பின் நுனியில் தேங்கிய இரத்தம் மேலே திரும்புகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 தடவை, பால் வரும் நேரம் 60 வீதமும் ஓய்வு நேரம் 40 வீதமுமாக இது நடைபெற வேண்டும். ஓய்வு குறைந்தால் காம்பு வீங்கும், மாடு உதைக்கும். பல்சேற்றரின் ஓசையை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிவிடலாம். கிண்ணத்துக்குள் பெருவிரலை விட்டால் லைனர் முழுமையாக மடிகிறதா என்பது விரலுக்கே தெரிந்துவிடும். வாங்குபவர்கள் கடையில் நின்றே இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பேன், ஏனெனில் வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் பல்சேற்றரை மாற்றித் தர எந்தக் கடைக்காரரும் விரும்புவதில்லை.

முகவரின் ஆள் வீட்டுக்கு வந்து பூட்டித் தந்தபோது மானியின் முள்ளை 50 கிலோபஸ்காலுக்கு மேலே நிறுத்திவிட்டு, "கூட்டி வைச்சால் கெதியாக் கறந்து முடியும்" என்று சொல்லிச் சென்றார். பால் கெதியாக வந்தது உண்மைதான். ஆனால், கிண்ணங்களைக் கழற்றியபோது காம்புகள் ஊதா நிறமாக இருந்தன. காம்பின் அடியில் கிண்ணத்தின் வாய் பதிந்த வளையம் தெரிந்தது. மாடுகள் பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்தன. வாளி வகை இயந்திரங்களுக்கு 40 முதல் 44 கிலோபஸ்கால் வரை போதுமானது. முள்ளை 42க்கு இறக்கியதும் ஒரு மாட்டைக் கறக்கும் நேரம் சிறிது கூடியது, காம்புகளின் நிறமோ வழமைக்குத் திரும்பியது. வெற்றிடம் நீண்ட காலம் கூடுதலாக இருந்தால் காம்புத் துளையைச் சுற்றியுள்ள தோல் தடித்துச் சொரசொரப்பாகி, கிருமிகள் தங்குவதற்கு வசதியான இடமாக மாறிவிடும். கிருமி தொற்றி மடி அழற்சியடையும் மடிநோய்க்கு இயந்திரத்தைக் குறை சொல்பவர்களின் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது மானியின் முள்ளைத்தான். இலட்சக்கணக்கில் விலை வாங்கும் விற்பனையாளர்கள், பூட்டித் தர வரும் ஆளுக்கு இந்த ஓர் எண்ணையாவது சொல்லிக் கொடுத்து அனுப்புவது நல்லது.

அடுத்தது பால் இறங்கும் விடயம். மடியிலுள்ள பாலின் பெரும் பகுதி நுண்ணிய பாற்பைகளுக்குள் தங்கியிருக்கிறது. அதனைக் கீழே தள்ளுவது ஒக்சிரோசின் என்னும் ஓமோன். மடியைத் துடைத்து முதற்பாலைப் பீய்ச்சும் தொடுகையினால் அது சுரக்கத் தொடங்கி, 60 முதல் 90 விநாடிகளுக்குள் மடிக்கு வந்து சேர்ந்து, ஐந்து முதல் எட்டு நிமிடங்கள் வரையே வேலை செய்யும். கிண்ணத்தை அவசரப்பட்டு முன்கூட்டியே மாட்டினால் வெறுங் காம்பை வெற்றிடம் இழுக்கும். துடைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய் வந்து மாட்டினால் ஓமோனின் நேரம் வீணாகி மடியில் பால் மிஞ்சும். மாடு மிரண்டாலோ அடிபட்டாலோ அதிரினலின் சுரந்து எல்லாவற்றையும் தடுத்துவிடும். கையால் கறப்பவர் இந்த நேரக் கணக்கை அறியாமலேயே கடைப்பிடித்து வந்தார், ஏனெனில் பால் இறங்காவிட்டால் அவருடைய கைக்கு அது உடனே தெரிந்துவிடும். இயந்திரத்துக்குத் தெரியாது.

எங்கள் அயலில் நெடுங்காலமாக வீடு வீடாகச் சென்று பால் கறந்த பெரியவர் ஒருவர் இயந்திரத்தைப் பார்க்க வந்து, "தம்பி, மாடு உதுக்கு விடாது, ஒளிச்சுப் போடும்" என்றார். "ஜேர்சி விடுது ஐயா, சிவப்பிதான் கஸ்ரம்" என்றேன். அவர் சொன்னதில் பாதி சரியாகவே இருந்தது. ஜேர்சி, பிரீசியன் கலப்பினங்கள் ஒரு கிழமைக்குள் பழகிவிட்டன. பம்பியின் ஓசை கேட்டதுமே சிலவற்றுக்குப் பால் கசியத் தொடங்கியது. சாகிவால் கலப்பான சிவப்பியோ கன்று வந்து முட்டாமல் ஒரு சொட்டும் விடாது. அதற்கு நாங்கள் செய்வது பழைய வழக்கம்தான்: கன்றைச் சிறிது ஊட்டவிட்டு, தாய் நக்கக் கூடியவாறு தலைப்பக்கம் கட்டி, கன்றின் எச்சில் பட்ட காம்புகளைக் கழுவித் துடைத்துவிட்டுக் கிண்ணத்தை மாட்டுவது. நாட்டு இரத்தம் கூடிய மாடுகளை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த இயந்திரத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பால் விடாத மாட்டுக்கு ஒக்சிரோசின் ஊசியைப் போட்டுக் கறக்கும் குறுக்கு வழி சில இடங்களில் இருப்பதாக அறிகின்றேன். நாளடைவில் ஊசியில்லாமல் பாலே இறங்காத நிலைக்கு அது மாட்டைக் கொண்டு சென்றுவிடும்.

கிண்ணம் மாட்டும் முறையை அருகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். முதலில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு மூன்று பீய்ச்சல்களை, வாயில் கறுப்புத் துணி கட்டிய ஒரு கோப்பைக்குள் விடுகிறோம். திரியோ, நீர்த்தன்மையோ, இரத்தச் சாயலோ இருந்தால் கறுப்புத் துணியில் அது எடுப்பாகத் தெரியும். பின்னர் காம்புகளைக் கிருமிநீக்கி நீரில் துடைத்து, ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்ற கணக்கில் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். கிளஸ்ரரை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் கிண்ணத்தின் சிறு குழாயை மடித்துப் பிடித்தபடி காம்பின் நுனிக்குக் கொண்டுசென்று நிமிர்த்தினால், காற்றுப் புகாமல் அது தானே கவ்விக்கொள்ளும். "உஸ்" என்ற ஓசை கேட்டால் காற்றுப் புகுகிறது என்று அர்த்தம். அந்தக் காற்று குழாயிலுள்ள பாற்துளிகளை அடுத்த காம்பின் துளையை நோக்கி வேகமாக எறியும். ஒரு காம்பிலுள்ள கிருமி மற்றைய காம்புக்குள் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. கழற்றும்போதும் வெற்றிடத்தை அடைத்து, அது தணிந்த பின்னரே கிண்ணங்கள் தாமாகக் கீழிறங்க விட வேண்டும். இழுத்துப் பறிப்பவர்களைக் கண்டிருக்கின்றேன். அந்த வீடுகளின் மாடுகள் கிளஸ்ரரைக் கண்டதும் ஒதுங்கும்.

கறந்து முடிந்ததும் நான்கு காம்புகளையும் அயடீன் கரைசலில் தோய்க்க வேண்டும். காம்பின் துளை முழுமையாக மூடுவதற்குக் குறைந்தது அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்கக் கூடாது. ஆகவே, முன்னர் கறக்கும்போது போட்ட புல்லையும் சீமைக்கிளுவைக் குழையையும் இப்போது கறந்த பின்னர் போடுகிறோம். தவிடும் பிண்ணாக்கும் மட்டும் கறவை நேரத்துக்கு. தீனி வேளையில் செய்த இந்தச் சிறிய மாற்றத்துக்குப் பணச் செலவு எதுவுமில்லை, பலனோ மருந்துச் செலவில் தெரிகிறது.

இயந்திரத்தின் உண்மையான குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். மடியின் பின் இரு காம்புகளும் மொத்தப் பாலில் ஏறத்தாழ 60 வீதத்தைத் தருகின்றன. எனவே, முன் காம்புகள் வற்றிய பின்னரும் பின் காம்புகளில் பால் வந்துகொண்டிருக்கும், நான்கு கிண்ணங்களோ ஒரே கிளஸ்ரரில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே, முன் காம்புகள் ஓரளவு வெறும் வெற்றிடத்தில் நிற்பதைத் தவிர்க்க முடிவதில்லை. கடைசிச் சொட்டு வரை எடுக்க வேண்டும் என்ற கைக்கறவைப் பழக்கத்தை இங்கு கைவிட்டே ஆக வேண்டும். ஒளிபுகு குழாயில் பாலின் ஓட்டம் நூலாக மெலிந்ததும் வெற்றிடத்தை அடைத்துவிடலாம். மடியில் ஒரு கோப்பைப் பால் மிஞ்சினால் மாட்டுக்குக் கெடுதல் எதுவுமில்லை. ஒரு காம்பில் பால் வராத மாட்டுக்கு, அந்தக் கிண்ணத்தை மூடும் அடைப்பான் தேவை. அது பெட்டியோடு வருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்த்திருப்பவை மேலைநாடுகளின் ரொபோ கறவைக் கூடங்கள். 1992ஆம் ஆண்டு நெதர்லாந்துப் பண்ணைகளில் பாவனைக்கு வந்த இம்முறையில், மனிதர் எவரும் மாட்டை ஓட்டிச் செல்வதில்லை. கூட்டுக்குள் வைக்கும் அடர்தீவனத்துக்காக மாடு தானே நடந்து வருகிறது. கழுத்துப் பட்டியிலுள்ள இலக்கத்தை இயந்திரம் படித்து, கறப்பதற்கு நேரமாகிவிட்டதா என்று முடிவெடுக்கிறது. ரொபோக் கை காம்புகளைத் தேடிக் கழுவி, ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியே மாட்டி, அந்தந்தக் காம்பு வற்றியதும் தனித்தனியே கழற்றுகிறது. ஒரு கூடு 60, 70 மாடுகள் வரை சமாளிக்கும். ஒரு மாடு நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு முதல் மூன்று தடவை வந்து போகும். டென்மார்க்கில் வசிக்கும் என் மச்சான் தனது ஊருக்கு அருகிலுள்ள பண்ணையொன்றைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த எங்கள் வீட்டார் எல்லோரும் ரொபோக் கையை வியந்தார்கள். எனக்கு, யாரும் அதட்டாமலேயே வரிசையில் நின்ற மாடுகளைப் பார்த்ததில்தான் வியப்பு.

அம்முறையின் பெரும் பயன் கறப்பதைக் காட்டிலும் கணக்கெடுப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு காம்பின் பால் அளவும் நிறமும் மின்கடத்துதிறனும் பதிவாகின்றன. மடிநோய் தொடங்கும்போது பாலில் உப்புக் கூடி மின்கடத்துதிறன் உயர்வதால், கண்ணுக்கு அறிகுறி தெரியும் முன்னரே கணினி அந்த மாட்டின் பெயரைப் பட்டியலில் போட்டுவிடும். கழுத்துப் பட்டியிலுள்ள உணரி மாட்டின் நடமாட்டத்தையும் அசைபோடும் நேரத்தையும் பதிவு செய்து, வேட்கைக்கு வந்த மாட்டையும் நோயுற்ற மாட்டையும் காட்டிக் கொடுக்கிறது. நுண்ணுயிர்கொல்லி ஏற்றிய மாட்டின் பால் தானாகவே வேறு வழியில் திருப்பப்படுகிறது. கேடுகளும் இல்லாமலில்லை. கால் நொந்த மாடு கூட்டுக்கு வராமல் நின்றுவிடும், அதைத் தேடிப் போய் ஓட்டிவர ஆள் வேண்டும். காம்பில் சாணம் அப்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும் தூரிகை ஒரே அளவாகத்தான் கழுவும், ஆகையால் படுக்கை சுத்தமில்லாத பண்ணையில் ரொபோ மடிநோயைக் குறைப்பதில்லை. அடிக்கடி கறப்பதனால் பாலின் கொழுப்பு உடைந்து கட்டற்ற கொழுப்பமிலங்கள் கூடுவதும் அறியப்பட்ட பிரச்சினை. இரண்டு தடவைக்குப் பதிலாக மூன்று தடவை கறந்தால் பால் கூடும் என்பது சரிதான், அந்தக் கூடிய பாலுக்கேற்ற தீனியைக் கொடுக்க முடிந்தால் மட்டும்.

நாலு பரப்புக் காணிக்குள் கொட்டில் போட்டு, கோ-3 புல்லை வெட்டி வந்து போடும் எங்களுக்கு அந்தக் கூடு எந்தக் காலத்திலும் பொருந்தாது. ஆனால், அதன் கணக்கெடுக்கும் பழக்கம் இப்போதே பொருந்தும். கையால் கறந்த நாட்களில் எல்லா மாட்டின் பாலும் ஒரே குடத்துக்குள் போனது. வாளி இயந்திரம் வந்த பின்னர் ஒவ்வொரு மாட்டின் பாலையும் வாளியோடு தொங்கு தராசில் நிறுத்து, கொப்பியில் எழுதிக்கொள்ள முடிகிறது. ஒரு மாடு வழமையைவிட ஒன்றரை, இரண்டு லீற்றர் குறைத்துத் தந்தால் அன்றே அதன் மடியையும் சாணத்தையும் கண்ணையும் பார்க்கிறோம். பெரும்பாலும் காரணம் வேட்கையாக இருக்கும். 21 நாட்களுக்கு ஒரு தடவை வரும் வேட்கையைத் தவற விட்டால் மூன்று கிழமைத் தீனி வீண். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்த வேண்டும் என்பது கால்நடை வைத்திய அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லப்படும் விதி. அந்த விதியைக் கடைப்பிடிக்கக் கொப்பிதான் உதவுகிறது. கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னதாக வரும், பால் வற்றச் செய்யும் நாளையும் அதில் குறித்துவைக்கிறோம்.

மடிநோய் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். கைக்கறவையே பாதுகாப்பானது என்ற எண்ணம் எங்கள் ஊரில் ஆழமாக இருக்கிறது. பெருவிரலை மடித்து அமுக்கிக் கறக்கும் பழக்கம் காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கக் கூடியது; வழுக்குவதற்காகக் கையில் பூசும் எண்ணெயும் பாலும், ஒரு மாட்டின் கிருமியை அடுத்த மாட்டுக்கும், கறப்பவர் வீடு வீடாகச் சென்றால் அடுத்த வீட்டுக்கும் கொண்டு செல்லும். ஸ்ரபிலோகொக்கஸ் போன்ற தொற்றுக் கிருமிகளுக்கு கறப்பவரின் கையும் லைனரும் ஒன்றுதான். அதனால் இயந்திரம் வந்ததும் கறக்கும் வரிசையை மாற்ற வேண்டும்: முதற் கன்று ஈன்றவை முன்னே, நோயில்லாத மூத்த மாடுகள் அடுத்து, முன்னர் மடிநோய் வந்தவை கடைசியில், மருந்து ஏற்றப்படும் மாட்டை இயந்திரத்தில் சேர்க்காமல் கையாலேயே கறந்து ஊற்றிவிடலாம். நான்கு குழிகள் கொண்ட தட்டில் பாலை எடுத்துப் பரிசோதனைத் திரவத்தைக் கலந்து சுழற்றினால், உடற்கலங்கள் (பெரும்பாலும் தொற்றை எதிர்க்க மடிக்குள் வரும் வெண்குருதிக் கலங்கள்) கூடிய பால் கூழாகத் திரளும். மில்லிலீற்றருக்கு 200,000 கலங்களைத் தாண்டினால் அந்தக் காம்பில் மறைந்த தொற்று இருப்பதாகக் கொள்வது வழக்கம். வெளியே வீக்கமும் இல்லை, பாலும் வெள்ளையாகவே இருக்கிறது, ஆனால் உற்பத்தி குறைகிறது என்ற நிலையைத் தட்டுப் பரிசோதனை மட்டுமே எங்களுக்குக் காட்டும். மாதம் ஒரு தடவை அதைச் செய்யாதவர் இயந்திரம் வாங்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இதனை நான் முக்கியமாகக் கருதுகின்றேன்.

இனி, எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் இல்லாத எங்கள் ஊர்ப் பிரச்சினை: தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் எல்லா வீடுகளிலும் தெரிந்ததே. அதே சுண்ணம் பாலின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து குழாய்களின் உட்புறத்தில் மஞ்சட் சாயலுள்ள பாற்கல்லாகப் படியும். அதற்குள் ஒளிந்த பக்டீரியாவைச் சவர்க்கார நீர் எட்டாது. வன்னீரில் சவர்க்காரப் பொருளும் பாதி வீணாகும். முகவர் தந்த கையேட்டில் காரக் கழுவியால் தினமும், அமிலக் கழுவியால் கிழமைக்கு ஒரு தடவையும் கழுவச் சொல்லியிருந்தது. எங்கள் நீருக்கு அது போதவில்லை. கிளஸ்ரரின் உட்கூட்டில் நகத்தால் சுரண்டினால் பொடி வந்தது. அமிலக் கழுவலை ஒன்றுவிட்டு ஒருநாள் என்று ஆக்கிய பின்னரும், கடைசிக் கழுவலுக்கு மாரியில் சேர்த்த மழைநீர்த் தொட்டியிலிருந்து எடுத்த பின்னருமே அது நின்றது.

கழுவும் ஒழுங்கு இதுதான். கறந்து முடிந்த கையோடு வெதுவெதுப்பான நீரை வாளிக்குள் இழுத்துப் பாலைக் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு உறைந்து ஒட்டும், கொதிநீரில் புரதம் வெந்து ஒட்டும். அதன் பின்னரே காரக் கழுவி கலந்த நல்ல சூட்டு நீர், பின்னர் நல்ல தண்ணீர், முறைநாளில் அமிலம். குளோரின் கலந்த கழுவியையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வெளிவரும். றப்பர் உறுப்புகளை வெயிலில் காயவிடும் பழக்கமும் நல்லதன்று, எங்கள் வெயில் றப்பரைச் சீக்கிரமே வெடிக்கச் செய்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், வாய் கீழ்நோக்கத் தொங்கவிடலாம். இவ்வளவும் செய்ய இருபது நிமிடத்துக்குக் குறையாது. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு கறந்து மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் இதிலேயே போய்விடும் என்பதை மறைப்பதற்கில்லை. கழுவலில் சோம்பினால், மூடிய வாளியில் தூசும் மயிரும் விழாத பால் என்ற நன்மை போய், குழாயிலேயே புளித்த பால் சேகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும்.

உதிரிப்பாகம் பற்றிய என் முறைப்பாடு லைனரில் தொடங்குகிறது. றப்பர் லைனரை ஏறத்தாழ 2500 கறவைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். எட்டு மாட்டை இரு வேளை ஒரே கிளஸ்ரரில் கறந்தால் நாளுக்கு 16 கறவை. ஐந்து மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். மாடு குறைவாக இருந்தாலும் றப்பர் தானே முதிர்வதால் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடியாது. இயந்திரத்தை விற்ற முகவரிடம் அந்த வேளையில் லைனர் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வர வேண்டும் என்ற விடையே திரும்பத் திரும்பக் கிடைத்தது. வேறு வகை லைனரைத் திணித்துப் பூட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கிண்ணத்தின் உலோகக் கூட்டின் நீளத்துக்கு லைனர் பொருந்தாவிட்டால் அது இழுபடாமல் தளர்ந்து, மடிய வேண்டிய வேளையில் சரியாக மடியாது. ஆகவே அதற்கு நான் உடன்படவில்லை. இயந்திரத்தோடு சேர்த்தே இரண்டு தொகுதி லைனரும் ஒரு பல்சேற்றர் மென்றகடும் வாங்கிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டு எவரும் கொட்டிலை முழுவதுமாக மோட்டரில் விட முடியாது. கூரையில் சூரியப் படல் பூட்டியிருப்பவர்களும் ஏமாறக் கூடாது. மின்கலம் இன்றி வலையமைப்போடு மட்டும் இணைந்த தொகுதி, மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். சிறிய மின்பிறப்பாக்கி ஒன்று போதும், ஆனால் மோட்டர் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னை அது தாங்க வேண்டும். ஏர்த் கம்பி முறையாகப் போடப்படாத கொட்டிலில் மனிதருக்குத் தெரியாத சிறு கசிவையும் ஈரத் தரையில் நிற்கும் மாடு உணரும். காரணமில்லாமல் மாடு பால் விட மறுத்தால் மின்னியலாளரையும் ஒரு தடவை அழைத்துப் பார்க்கலாம். பம்பியின் எண்ணெய்ப் புகையும் இரைச்சலும் உள்ளே வராதபடி வண்டியைக் கொட்டிலுக்கு வெளியே நிறுத்தி, நீளக் குழாய் போட்டுக்கொள்வது எளிது.

பலனைச் சொல்வதானால், பத்து லீற்றர் தரும் மாட்டை ஆறு நிமிடத்துக்குள் கறந்துவிடலாம். எங்கள் வீடுகளில் கறப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரல் மூட்டு நோவும் மணிக்கட்டு நோவும் அவர்களுடைய நீண்ட கால முறைப்பாடு. அது நின்றுவிட்டது. கூலிக்குக் கறக்க ஆள் கிடைக்காமல் மாலைக் கறவையைக் கைவிட்டிருந்தவர்களுக்கு அது மீண்டும் சாத்தியமாகிறது, மாலைப் பாலைக் குளிரூட்டவோ அன்றே விற்கவோ வழியிருந்தால். கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் பார்த்து விலை போடும் நிலையங்களில் இயந்திரத்தால் விலை கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவை தீனியிலிருந்தும் மாட்டின் இனத்திலிருந்தும் வருபவை.

என் கணக்கில், பால் தரும் கலப்பினப் பசுக்கள் ஆறு நின்றால் வாங்கலாம். மூன்றுக்குக் கீழே என்றால் வேண்டாம். இடையில் நிற்பவர்கள் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்குவதைப் பற்றி இப்போது பேசுகிறார்கள். மோட்டரும் பம்பியும் ஏற்றிய வண்டி மட்டும் வீட்டுக்கு வீடு போவதில் தவறில்லை. வாளி, கிளஸ்ரர், லைனர், துணி ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டாரும் தமக்கென்று தனியே வைத்திருக்க வேண்டும். வண்டியின் சில்லுகளையும் அடுத்த படலை தாண்டும் முன்னர் கிருமிநீக்கி ஊற்றிக் கழுவ வேண்டும். அதற்கு உடன்படாத அயலவரோடு சேர்ந்து வாங்குவதைக் காட்டிலும் இன்னும் ஓராண்டு கையால் கறப்பது மாடுகளுக்கு நல்லது.